அடிமண்டியின் பூர்வீகம்

மனிதர்களில் எத்தனையோ வகை உண்டு. நாம் இங்கே பார்க்கப்போவது பூர்வீகம் விசாரிப்பவரை.

இவரை அடையாளம் காண்பது மிகவும் சுலபம். நீங்கள் கடைத்தெருவில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல், வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருப்பீர்கள். பழம் பழுத்திருக்கிறதா, இனிக்குமா, எனக்கு ஒன்று தருவாயா என்று எதுவும் கேட்காமல், உங்களை வழிமறித்து, பழத்தின் காம்பைத் தூக்கிப் பார்த்து, "எங்கேருந்து?" என்று ஒருவர் கேட்டால் அவர்தான் இவர். இவரிடம் மூன்றே மூன்று கேள்விகள் உண்டு. முதலாவது, "எங்கேருந்து?" இரண்டாவது, "யாரு கொண்டாந்தா?" இந்த இரண்டையும் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், சுங்கச்சாவடியிலும் கேட்கிறார்கள். மூன்றாவது கேள்வியில்தான் இவருடைய மேதைமை இருக்கிறது.

"அதுக்கு முன்னாடி?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய வாழைப்பழம் இன்னும் காய்க்கவில்லை.

இந்த இனத்தார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் என்றாலும், இலங்கையில் பண்டாரவளை வரைக்கும் ரயில் வந்து பத்து வருஷமாகியிருந்த காலத்தில், பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் பாதையோரத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்த வீரய்யாவைப் போலக் குறையில்லாத ஒருவரைக் காண்பது அரிது. வீரய்யா பங்களா அப்பு. அதாவது துரைக்குச் சமைத்துப்போட்டு, பங்களாவையும் அதன் சாவிக்கொத்தையும் கட்டி ஆள்பவர். வெள்ளைக் கோட்டும், அதற்குள் ஒரு கனைப்பும் எப்போதும் வைத்திருப்பார். ஒரு மழைக்காலத்தில் அவர் காய்ச்சலில் கிடந்தபோது தோட்டத்து மருந்துக்காரர் கசாயம் கொண்டுவந்தார். கசாயத்தின் பூர்வீகத்தை விசாரித்து முடிப்பதற்குள் கசாயம் ஆறிவிட்டது, மருந்துக்காரரும் போய்விட்டார். காய்ச்சல் தானாகவே இறங்கியது. அதனிடமும் விசாரித்திருப்பார் போலிருக்கிறது.

அவருடைய சொந்தப் பூர்வீகமோ கல்வெட்டுப் போன்றது. தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். பெரிய கங்காணி ஒருவர் தலைப்பாகையைக் கழற்றிவைத்து, கெஞ்சிக் கூட்டிவந்தவர். அதற்கு முன்னாடி? இதை யாராவது கேட்டால் வீரய்யாவுக்குக் கனைப்பு வந்துவிடும். அது அடங்க வெகுநேரம் ஆகும்.

இவ்வளவு பெரிய திறமை வாழைப்பழத்தோடு வீணாகாமல் காப்பாற்றியது பியர்.

துரை பியர் இல்லாமல் சாப்பிட மாட்டார். அந்தப் பியரோ சீமையிலிருந்து கப்பலில் கொழும்புக்கு வந்து, ரயிலில் பண்டாரவளைக்கு ஏறி, மாட்டுவண்டியில் பதுளைக்கு இறங்கி, அங்கிருந்து பசறை, பசறையிலிருந்து மறுபடி ஏற்றம் என்று வந்து சேரவேண்டும். மழையில் பாதை சரிந்தால் வண்டி நிற்கும். நிற்காவிட்டால் கவிழும். ஆகவே துரை ஒரு நாள் தகர டப்பாவில் கசப்புப் பூ வரவழைத்து, ஒரு புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, பங்களாச் சமையலறையான குசினியிலேயே பியர் காய்ச்சும் வழியை வீரய்யாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு வருஷம் கழித்து, துரைக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் வீரய்யா என்று ஆகிவிட்டது. சாராயக் குத்தகைக்காரர் காதில் விஷயம் விழக் கூடாது என்ற ஒரு காரியத்தில் மட்டும் இருவரும் சமமாகப் பங்கெடுத்தார்கள்.

முளைகட்டி வறுத்த குரக்கன் என்ற கேழ்வரகு, சக்கரை, கசப்புப் பூ எல்லாம் சேர்த்துக் கொதிக்கவைப்பதை யாரும் செய்துவிடலாம். கொதித்து ஆறிய பிறகு அது சும்மா கிடக்கும் இனிப்புத் தண்ணீர்தான். அதற்கு உயிர் கொடுப்பது மண்டி. சீமைப் பியர்ப் போத்தலின் அடியில் மெல்லிய மாவு போலப் படிந்திருக்குமே, அது. அந்த மண்டிதான் வீரய்யாவின் ராஜ்யம். புதிதாக வந்த போத்தலை இரண்டு நாள் அசையாமல் நிமிர்த்தி நிற்கவைத்து, மூன்றாம் நாள் மூச்சை அடக்கிக்கொண்டு துரையின் கண்ணாடிக் குவளையில் சாய்த்து, அடியில் ஒரு விரற்கடை மிஞ்சும்போது சட்டென்று நிமிர்த்தி, போத்தலின் வாயை விளக்குச் சுடரில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆறவைத்த சக்கரைத் தண்ணீர் ஊற்றி, ஒரு குலுக்குக் குலுக்கி, வாயைச் சுத்தமான துணியால் கட்டி, அடுப்புப் பக்கமாக வைத்துவிட்டு, அது நுரைத்துப் பொங்குகிறவரைக்கும், பிள்ளை பெறும் அறைக்கு வெளியே நிற்கும் தகப்பனைப் போல நடந்துகொண்டிருப்பார். பொங்கியதும் ஒரு பெரிய சாடிக்கு மாற்றுவார். சாடியிலிருந்து காய்ச்சலுக்கு. புதுப் போத்தல் வரும்போதெல்லாம் அதன் மண்டியும் அதே சாடியில் போய்ச் சேரும்.

போத்தலில் ஒட்டியிருக்கும் லேபலை மட்டும் எறிய மாட்டார். ஊறவைத்து உரித்து, குசினிச் சுவரில் வரிசையாக ஒட்டிவைப்பார். மேலே கப்பல் படம் போட்ட லேபல்கள் பன்னிரண்டு. கீழே, வேறு கம்பெனிக்கு மாறிய பிறகு வந்த மான் படம் போட்ட லேபல்கள் ஐந்து. அவற்றுக்குச் சந்தனப் பொட்டு வைக்கவில்லை. வைத்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்கவும் மாட்டார்கள். வந்தவர்களிடம் விரலால் தொட்டுத்தொட்டுக் காட்டுவார்.

"இது பாட்டன். இது பாட்டனுக்குப் பாட்டன். அத்தனையும் சீமையில பொறந்தது. ஒரு சொட்டு கலப்பு கெடையாது."

கடைசியில் பார்த்தால் எல்லாம் துரை குடிக்காமல் விட்ட எச்சம்தானே என்று ஒருவர் கேட்டதாகச் சொல்கிறார்கள். அவருக்கு அதற்குப் பிறகு பங்களாவில் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

வீரய்யாவின் மனைவி கனகம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆப்பம் சுடுவாள். மாவு புளிக்க, கீழே சிங்களக் கிராமத்திலிருந்து ஒரு பெண் கித்துல் என்ற கூந்தல்பனையின் கள்ளு கொண்டுவந்து ஒரு சிறு மண்முட்டியில் ஊற்றிவிட்டுப் போவாள். ஆப்பம் பத்துப் பன்னிரண்டு வீரய்யாவுக்குள் இறங்கும். ஆனால் அந்த முட்டி மட்டும் குசினி வாசற்படியைத் தாண்டக் கூடாது.

"அத அந்தப் பக்கமே வையி. எந்த மரமோ, எந்தக் காடோ! சீமை மண்டி இருக்கற எடத்துல அது வரக் கூடாது."

"ஆப்பம் மட்டும் வரலாமாக்கும்?" என்பாள் கனகம்.

இப்போது, மான் படம் போட்ட போத்தல்கள் வரத் தொடங்கிய நாளுக்குக் கொஞ்சம் திரும்பிப் போகவேண்டும். அது நடந்து இரண்டு வருஷம். அந்தப் போத்தலை வழக்கம்போல நிமிர்த்தி வைத்தார். இரண்டு நாள் போயிற்று, மூன்று நாள் போயிற்று, அடிவரைக்கும் பளிங்கு மாதிரி இருந்தது. ஒரு தூசு இல்லை. உங்களையும் என்னையும் போன்ற சாதாரண ஆட்களாக இருந்தால், இதில் மண்டி இல்லை என்று முடிவுகட்டியிருப்போம். வீரய்யா விளக்குக்கு முன்னால் போத்தலைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, வெகுநேரம் பார்த்தார்.

"மட்டமான மண்டிதான் கண்ணுக்குத் தெரியும். ஒசந்தது தெரியாது" என்றார்.

சாடியிலிருந்த பழைய மண்டியோ, அந்தச் சமயம் பார்த்துக் காடி நாற்றம் அடித்துச் செத்துப்போயிருந்தது. அதைக் கழுவிக் கொட்டிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத புது மண்டியைச் சகல மரியாதையோடும் ஊற்றினார். நான்கு நாள் சாடியில் ஒரு குமிழி இல்லை. வீரய்யா சாப்பிடவில்லை. யாரிடமும் எதன் பூர்வீகத்தையும் கேட்கவில்லை. அவ்வளவு மோசமான நிலைமை. ஐந்தாம் நாள் காலையில் சாடி நுரைத்து, துணியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. அக்கம்பக்கத்தார் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"சீமை ரத்தம்! மெதுவாத்தான் எந்திரிக்கும்."

அந்தத் தடவை இறங்கிய பியரைக் குடித்துவிட்டு, துரை மூன்றாவது குவளையும் கேட்டார். முன்னே ஒருபோதும் கேட்டதில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரு மகளும் இருந்தாள் என்பதுதான் இந்தக் கதையில் வருத்தமான பகுதி. பெயர் புஷ்பம், வயது பத்தொன்பது. அவளுடைய மனசு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த லிங்கத்தின் பக்கம் போயிருந்தது. லிங்கம் அரைக்கும் மெஷினின் சத்தத்தைக் கேட்டே இலை பதமாகிவிட்டதா என்று சொல்லக்கூடியவன். தை மாதம் மடுல்சீமையில் புதிதாகத் திறக்கும் தொழிற்சாலைக்கு அவனை அனுப்புவதாக இருந்தார்கள். தனி வீடு, கல்யாணமானவனாக இருந்தால் நல்லது என்று சொல்லியிருந்தார்கள். தைக்குள் பேசி முடிக்காவிட்டால் அவன் போய்விடுவான். அந்தக் காலத்து மடுல்சீமைக்குப் போனவன் திரும்பி வருவது, அந்தக் காலத்துப் பாதையின் கையில் இருந்தது.

அவனுக்காகப் பெண் கேட்கப் பெரியவர்கள் யாரும் இல்லை. ஆகவே பசறையில் துணிக்கடை வைத்திருந்த புஹாரி முதலாளி, தோட்டத்துக்குச் சேலை மூட்டையோடு வந்த ஒரு நாளில், குசினிப் படியில் உட்கார்ந்து பேச்சை எடுத்தார்.

"அப்பு, லிங்கம் நல்ல பொடியன். குடி இல்ல, வெத்தில கூட இல்ல."

"எங்கேருந்து?" என்றார் வீரய்யா.

"ஸ்பிரிங்வெளித் தோட்டத்துல வளந்தவன்."

"யாரு கொண்டாந்தா?"

"இந்தியாவுலேருந்து மாத்தளை நடைபாதையால தோட்டத்துக்கு ஆள் வந்த காலத்துல, கூட்டத்தோட வந்த ஒரு பொம்பள. வழியில தாயும் தகப்பனும் காய்ச்சல்ல மௌத்தாகிட்டாங்களாம். கைப்பிள்ள. இவ தூக்கிட்டு வந்து வளத்திருக்கா. அவளும் இப்ப இல்ல."

"அதுக்கு முன்னாடி?"

புஹாரி முதலாளி மூட்டை முடிச்சை ஒரு தடவை அவிழ்த்துக் கட்டினார்.

"அதுக்கு முன்னாடி யாருக்கும் தெரியா, அப்பு."

"தெரியாதுல்ல? அப்ப பேச்சில்ல, மொதலாளி. தேத்தண்ணி குடிங்க."

உள்ளே பாத்திரம் ஒன்று விழுந்தது. அது தானாக விழவில்லை. புஷ்பம் அன்றைக்கு அழுதாள். மறுநாள் அழுகையை நிறுத்திவிட்டுப் பேச்சையும் நிறுத்தினாள். வீட்டில் பேசாமல் இருக்கும் பெண்ணை எந்தத் தகப்பனாலும் நெடுநாள் தாங்க முடியாது. வீரய்யா தாங்கினார். சுவரைக் காட்டித் தாங்கினார்.

"இந்த மண்டிக்கு இருக்கற பூர்வீகம்கூட அவனுக்கு இல்லியே, கனகம்! பொண்ண எப்படிக் குடுக்கறது?"

கனகம் சுவரையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். 

கிறிஸ்மஸ் வந்தது. விருந்துக்கு வந்தவர்களில் வெள்ளை மீசை வைத்த ஒரு கிழத் துரை இருந்தார். பசறைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு எசமான். சீமையில் அவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பியர் காய்ச்சி விற்ற குடும்பம் என்று பேச்சு. வீரய்யாவின் பியரை ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் குடித்துவிட்டு, இதைச் செய்தவனைக் கூப்பிடுங்கள் என்றார். வீரய்யா கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு போய் நின்றார். அவர் வாழ்க்கை முழுவதும் காத்திருந்த கேள்வி, துரைமார் தமிழில் வந்தது.

"வீரய்யா, இந்த மண்டி எங்கே இருந்து?"

 வீரய்யா கிழத் துரையையும், அவருக்குப் பக்கத்தில் சின்னத் துரையாகிவிட்ட தன் துரையையும் குசினிக்கே அழைத்துப் போனார். சுவருக்கு முன்னால் நிறுத்தினார். கப்பல் படத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு பாட்டனாகத் தொட்டுக்கொண்டு வந்து மான் படத்தில் முடித்தார். கிழத் துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு மானைப் பார்த்தார்.

"இந்தப் பியர் எனக்குத் தெரியும். இந்தக் கம்பெனி வடிகட்டித்தான் அனுப்புறது. இதிலே மண்டி ஒண்ணும் கிடையாது. ரெண்டு வருஷமா நீ இதுதான் எடுக்கிறது?"

"ஆமாங்க தொர..."

"அதுக்கு முன்னே இருந்த மண்டி?"

"அது... செத்துப்போச்சுங்க."

"அப்போ சாடிக்குள்ளே இருக்கிறது யாரு?"

வீரய்யாவுக்குக் கனைப்பு வந்தது.

கிழத் துரை கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் பரவாயில்லை. ஹப்புத்தளைக்கு இந்தப் பக்கம் இவ்வளவு நல்ல பியர் குடித்ததில்லை, இதில் ஒரு போத்தல் மண்டி எனக்கு வேண்டும், ஆனால் எங்கேயிருந்து வந்தது என்று உண்மையைச் சொல்ல வேண்டும், நாலு மணித் தேத்தண்ணிக்கு வா, சொல் என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். சின்னத் துரை பின்னாலேயே போனார். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில், இவ்வளவு நாளாக எனக்கு எதை ஊற்றிக்கொடுத்தாய் என்ற கேள்வி இருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத அப்புமார் வெள்ளைக் கோட்டை மடித்துவைத்துவிட்டு தேயிலை மலைக்கு வேலைக்குப் போகவேண்டியதுதான்.

வீரய்யா குசினி முக்காலியில் உட்கார்ந்தார். சாடியை மடியில் வைத்துக்கொண்டார். சாடி வெதுவெதுப்பாக, உள்ளே குமிழிவிட்டபடி இருந்தது. இருபது வருஷமாக ஊரில் இருக்கும் ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டவர், தன் மடியில் இருப்பதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள் கனகம்.

அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"என்ன தெரியும்?"

"அது எங்கேருந்து வந்துச்சுன்னு. சொல்றேன். மொதல்ல நீங்க ஒண்ணு சொல்லுங்க. லிங்கத்துக்குச் சரின்னு சொல்லுங்க."

"ஏ, இது வேற, அது வேற! அவன் பூர்வீகம் தெரியாத பய!"

கனகம் ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு வருசமாப் பூர்வீகம் தெரியாததத்தாங்க நீங்க போத்தல்ல அடச்சு தொரைக்குக் குடுத்துக்கிட்டு இருக்கீங்க. தொர மொகத்தச் சுளிச்சாரா? மூணாவது கெளாசு கேட்டாரு."

வீரய்யா சுவரைப் பார்த்தார். பதினேழு பாட்டன்மாரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. உள்ளறைக் கதவுக்குப் பின்னால் புஷ்பத்தின் சேலை நுனி தெரிந்தது. கடிகாரம் மூன்றரை அடித்தது.

"சரி" என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க. புள்ளைக்குக் கேக்கணும்."

"சரிங்கறேன்ல!"

கனகம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வாசற்படிக்கு வெளியே கையை நீட்டி, கள்ளு முட்டியை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். முட்டியின் அடியில் வெண்ணிறமாக, மாவு போல, நன்றாகவே கண்ணுக்குத் தெரியும்படி படிந்திருந்தது மண்டி.

"நாலு நாளாச் சோறு எறங்காம கெடந்தீங்க. எனக்குப் பொறுக்கல. இதுல ரெண்டு கரண்டி அள்ளி ஊத்துனேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

நாலு மணிக்கு வீரய்யா தேத்தண்ணித் தட்டோடு வராந்தாவுக்குப் போனார். இனத்தின் பெருமையை இங்கேதான் பார்க்கவேண்டும். வேறொருவராக இருந்தால் கித்துல் கள்ளு என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடித்திருப்பார். வீரய்யா தட்டை வைத்தார், நிமிர்ந்தார், கனைத்தார்.

"தொரைங்களே, சீமை மண்டி இந்தக் குளுருக்கு நிக்காதுங்க. அதனால நானே யோசிச்சு மாத்திப்புட்டேன். இது நம்ம ஊவா மலையில பொறந்தது. கித்துல் வம்சம். கண்டி ராசா அரமனைக்கே போய்க்கிட்டு இருந்த மரத்தோட வழிங்க."

கிழத் துரைக்கு அந்த வம்சம் மிகவும் பிடித்துவிட்டது. சின்னத் துரை தன் பங்களாவில் ராஜ வம்சம் இருப்பதை அப்போதுதான் அறிந்தவராகக் காலை நீட்டி உட்கார்ந்தார். மறுநாள் வீரய்யா ஈரத்துணியால் லேபல்களை ஊறவைத்துச் சுரண்டி எடுத்தார். புகை படியாத பதினேழு வெள்ளைச் சதுரங்கள் மட்டும் சுவரில் நின்றன.

தை பிறந்து கல்யாணம் நடந்தது. பந்தியில் உட்கார்ந்தவர்களிடம் மாப்பிள்ளையைப் பற்றி வீரய்யா சொல்லிக்கொண்டே பரிமாறினார். துறையூருக்கும் அந்தாண்டை நல்ல குடும்பம், பஞ்சத்தில் புறப்பட்டவர்கள், அப்பா ஏடு படித்தவர், அம்மா பெயர் அன்னலட்சுமி, அந்த வட்டாரத்திலேயே அவள் வைக்கும் குழம்புக்கு ஈடு கிடையாது. புஹாரி முதலாளி இலையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அதுக்கு முன்னாடி, அப்பு?"

"பாயசம் ஊத்தட்டுங்களா, மொதலாளி?" என்றார் வீரய்யா.

பந்தி முடிந்ததும், கை கழுவத் தண்ணீர் இருந்த இடத்துக்கு லிங்கம் வந்தான். மாலையைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். தொழிற்சாலைச் சத்தத்தில் பேசிப் பழகியவன், இப்போது மெதுவாகப் பேசினான்.

"மாமா, அம்மா பேரு அன்னலட்சுமின்னு சொன்னீங்களே. நெசமாவே அதுதானா? யாருகிட்ட கேட்டீங்க?"

வீரய்யாவுக்குக் கனைப்பு வரவில்லை. வரவேண்டிய நேரத்தில் அது ஏமாற்றிவிட்டது. அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தார். இருபத்துநான்கு வருஷமாக அந்த மூன்றாவது கேள்வியை ஒவ்வொரு நாளும் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்த முகம் அது. இவர் விளையாட்டாகக் கேட்டுவந்த கேள்வி. 

"தெரியாதுப்பா" என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லிக் கேட்டவர் அதற்கு முன் யாரும் இல்லை.

லிங்கம் மாலையை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டான்.

"பரவால்ல மாமா. நல்ல பேராத்தான் இருக்கு. அதையே வச்சுக்கறேன்."

அதற்கப்புறம் ஒரு வாரம் வீரய்யா யாரிடமும் எதையும் கேட்கவில்லை. எட்டாம் நாள், பசறையிலிருந்து ஒருவன் பலாப்பழம் தூக்கிவந்ததைக் கண்டதும் பழைய நிலைக்குத் திரும்பினார். பழக்கம் அப்படி. ஆனால் இரண்டாவது கேள்வியோடு நிறுத்திக்கொள்வாராம்.

நல்லவேளை, நாமெல்லாம் இந்த இனத்தைச் சேர்ந்தவர்கள் இல்லை. ஒரே ஒரு சந்தேகம். லிங்கம் என்ற பெயர் இந்தக் கதையில் முதன்முதலாக வந்த இடத்தில், அவன் வேலையைப் பற்றியும் திறமையைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தபோது, யார் வீட்டுப் பிள்ளை, என்ன ஆட்கள் என்று உங்கள் மனசுக்குள் ஒன்று மெல்லக் கனைத்ததே, அது யார்? போகட்டும். உங்கள் வீட்டுத் தயிர் நன்றாக உறைகிறதல்லவா? அதற்கு ஊற்றிய ஒரு கரண்டி மோர் எங்கேருந்து? பக்கத்து வீட்டிலிருந்து. யார் கொண்டுவந்தது? உங்கள் வீட்டுக் கனகம்.

அதுக்கு முன்னாடி?